பாம்பாஸ்டிக் சொற்களும் பஞ்சு அடைத்த கட்டுரைகளும்

ஆங்கில மரபுத்தொடர்ப் பட்டியல் நூல்கள்: ஒரு மதிப்பீடு



ஐந்தாம் படிவ மாணவர்களிடம் ஆங்கிலக் கட்டுரை பற்றிப் பேச்செடுத்தால் ஒரு சொல் தப்பாமல் வந்துவிடும்: ‘பாம்பாஸ்டிக்’. “சார், பாம்பாஸ்டிக் வேர்ட்ஸ் போட்டா மார்க் கூடுமா?” “அவ கட்டுரை ஃபுல்லா பாம்பாஸ்டிக் சார்!” நம் நாட்டு மாணவர் வழக்கில் இது பாராட்டு. கனமான, உயர்ந்த சொல் என்று பொருள்.

ஆங்கில அகராதியைத் திறந்து பாருங்கள். அங்கே அது திட்டு. சரக்கு இல்லாமல் ஆரவாரமாகப் பேசுவதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. அதன் வேர்ச்சொல்லான ‘பாம்பாஸ்ட்’ முதலில் பஞ்சைக் குறித்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் உடுப்பு எடுப்பாகத் தெரிவதற்காக உள்ளே பஞ்சைத் திணித்துத் தைத்தார்கள். பிறகு, வெறும் சொல்லைத் திணித்து உப்ப வைத்த பேச்சுக்கும் அதே பெயர் வந்தது. ஆக, “என் கட்டுரை பாம்பாஸ்டிக்” என்று ஒரு மாணவர் பெருமைப்பட்டால், “என் கட்டுரையில் பஞ்சுதான் அதிகம்” என்று அவரே ஒப்புக்கொண்டதாகிறது!

ஒரு சொல்லின் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் தொனியை விட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும். கடைகளிலும் கைப்பேசியிலும் கிடைக்கும் மரபுத்தொடர்ப் பட்டியல்களின் அடிப்படைக் கோளாறும் இதுதான். அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை?

நியாயமான கேள்வி. பதில் எளிது. ஆங்கில வகுப்பில் இருப்பதும் நம் வகுப்பில் இருப்பதும் அதே பிள்ளைதான். அந்தப் பிள்ளை ஒன்றல்ல, மூன்று பட்டியல்களைச் சுமக்கிறது. தமிழில் மரபுத்தொடர், இணைமொழி, இரட்டைக்கிளவி, உவமைத்தொடர். மலாயில் சிம்புலான் பஹாசா, பெரிபஹாசா. ஆங்கிலத்தில் ஈடியம், ஃபிரேசல் வெர்ப். மூன்றையும் ஒரே முறையில்தான் படிக்கிறது: இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள், நடுவில் ஒரு கோடு.

இந்தக் கோடு போட்டுப் படிக்கும் பழக்கம் எங்கே தொடங்கியது? பெரும்பாலும் தமிழ்ப்பள்ளியின் தொடக்க வகுப்புகளில், நம் கையால். அதனால்தான் இது நம் பேச்சும் ஆகிறது.

பட்டியலின் நல்ல பக்கம்

முதலில் நியாயமாகப் பேசுவோம். பட்டியல் மலிவானது. பேருந்தில் போகும்போதுகூடப் புரட்டலாம். வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதியில் ஒரு தொடர் எதிர்ப்பட்டால், “இதை எங்கேயோ பார்த்திருக்கேனே” என்று அடையாளம் காண உதவும். அடையாளம் காண்பதற்கு அது போதும்.

எழுதுவதற்குப் போதாது. வாசிக்கும்போது சொல்லைச் சுற்றி ஏற்கெனவே ஒரு சூழல் இருக்கிறது. அது தொனியைக் காட்டிக்கொடுக்கும். எழுதும்போது அந்தச் சூழலை நாம்தான் அமைக்க வேண்டும். அதற்குத் தேவையான நான்கு செய்திகளைப் பட்டியல் தருவதே இல்லை.

ஒன்று: தொனி

‘கிக் தி பக்கெட்’ என்றால் இறந்துபோதல். பட்டியலில் அவ்வளவுதான் இருக்கும். மாணவர் அதை நம்பி, தாத்தாவின் மரணத்தைப் பற்றிய உருக்கமான கட்டுரையில் போட்டுவிடுகிறார். படிப்பவருக்கு எப்படி இருக்கும்? “தாத்தா மண்டையைப் போட்டார்” என்று இரங்கல் கூட்டத்தில் பேசியது போல இருக்கும்.

இங்கே கவனியுங்கள். தமிழில் இந்தத் தப்பை அந்த மாணவர் செய்யவே மாட்டார். காலமானார், இயற்கை எய்தினார், தவறிட்டார், செத்துட்டான், மண்டையைப் போட்டான். இவற்றில் எதை எங்கே, யாரைப் பற்றிச் சொல்லலாம் என்று அவருக்கு யாரும் பட்டியல் போட்டுத் தரவில்லை. வீட்டிலும் கோவிலிலும் துக்க வீட்டிலும் கேட்டுக் கேட்டு வந்த அறிவு அது. மொழி உணர்வு அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது, “இந்த உணர்வு இங்கேயும் வேண்டும்” என்று யாராவது சொன்னால் போதும். அந்த ‘யாராவது’ நாமாக இருக்கலாமே?

இரண்டு: எவ்வளவு புழக்கம்?

மழை என்றதும் ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’. மகிழ்ச்சி என்றதும் ‘ஓவர் தி மூன்’. நூறு கட்டுரை திருத்தும் ஆங்கில ஆசிரியர் எத்தனை பூனைகளையும் நாய்களையும் பார்ப்பாரோ தெரியவில்லை!

ரோசமண்ட் மூன் என்ற மொழியியலாளர் ஆங்கிலத்தின் நிலைத்த தொடர்களைப் பற்றி 1998இல் ஓர் ஆய்வு நூல் வெளியிட்டார். கணினியில் தொகுத்த உரைகளில் அவை எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பார்த்தார். பெரும்பாலானவை பத்து லட்சம் சொற்களுக்கு ஒரு முறைகூட வரவில்லை.

பத்து லட்சம் என்றால் எவ்வளவு? எஸ்.பி.எம். ஆங்கிலத் தாளின் நீண்ட கட்டுரை 200 முதல் 250 சொற்கள். 250 என்றே வைத்துக்கொண்டால், 4,000 கட்டுரைகள் சேர்ந்தால்தான் பத்து லட்சம் சொற்கள் ஆகும். இது அளவு புரிவதற்காகப் போட்ட தோராயக் கணக்குத்தான். இருந்தாலும் யோசித்துப் பாருங்கள். 4,000 கட்டுரைகளில் ஒரு முறை இயல்பாக வரக்கூடிய தொடர்களில் ஐந்தை எடுத்து ஒரே கட்டுரையில் அடுக்கினால், அது இயல்பான ஆங்கிலம் போலத் தெரியுமா?

மூன்று: யாரோடு சேரும்?

தமிழில் அடைமழை உண்டு, ‘அடைவெயில்’ கிடையாது. வெயில் கொளுத்தும், காற்று வீசும், மழை கொட்டும். இதை மாற்றிச் சொன்னால் இலக்கணப் பிழை இல்லை. ஆனாலும் காது ஒத்துக்கொள்ளாது. ஆங்கிலமும் அப்படித்தான். பலத்த மழை ‘ஹெவி ரெய்ன்’. பலத்த காற்று ‘ஸ்ட்ராங் விண்ட்’. இரண்டையும் மாற்றிப் போட முடியாது. விளக்கை நாம் ‘போடுகிறோம்’. மலாயில் ‘புக்கா லம்பு’, அதாவது திறக்கிறார்கள். அந்தப் பழக்கத்தில்தான் நம் பிள்ளைகள் ‘ஓபன் தி லைட்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் அது ‘டர்ன் ஆன்’.

மரபுத்தொடருக்கும் இப்படி ஒரு கட்டுக்கோப்பு உண்டு. “கம்பி நீட்டினான்” என்றால் ஓடிவிட்டான். “நீளமான கம்பியை நீட்டினான்” என்றால் அவன் கையில் உண்மையிலேயே கம்பி இருக்கிறது! எந்தத் தொடரில் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதை எடுத்துக்காட்டு வாக்கியங்கள்தாம் காட்டும். ஒற்றை வரிப் பொருள் காட்டாது.

நான்கு: புகழ்ச்சியா, இகழ்ச்சியா?

நம் பிள்ளைகள் மூன்று மொழிக்காரர்கள் என்பதால் இது அவர்களுக்கு முக்கியமான இடம். தலையை வைத்தே மூன்று சொற்கள் பார்ப்போம். மலாயில் ‘கெராஸ் கெபாலா’, நேர்ப்பொருள் கடினமான தலை, குறிப்பது பிடிவாதம். ஆங்கிலத்தில் ‘ஹார்ட் ஹெடட்’, இதற்கும் நேர்ப்பொருள் கடினமான தலைதான். ஆனால் பெரும்பாலும் உணர்ச்சிக்கு ஆளாகாமல் நடைமுறையோடு முடிவெடுப்பவரைக் குறிக்கும். ஒரு வணிகரை அப்படிச் சொன்னால் பாராட்டாகக்கூட இருக்கலாம். (அமெரிக்கர் பேச்சில் பிடிவாதம் என்ற பொருளும் உண்டு.) தமிழில் தலைக்கனம், அது ஆணவம். தலை ஒன்றுதான், குணம் மூன்று.

இன்னொன்று. தமிழில் ‘கயிறு திரித்தல்’ என்றால் பொய் சொல்லுதல். ஆங்கிலத்தில் ‘ஸ்பின் எ யார்ன்’, அதாவது நூல் நூற்றல். இரண்டு மொழியும் கிட்டத்தட்ட ஒரே தொழிலிலிருந்து உவமை எடுத்திருக்கின்றன, பாருங்களேன். ஆனாலும் ஆங்கிலத் தொடரில் சுவையாகக் கதை அளக்கும் ரசனை கலந்திருக்கிறது. தமிழ்த் தொடரில் குற்றச்சாட்டு இருக்கிறது. ஊர்ப் பெரியவர் ஒருவரை ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னால் சிரிப்பார். தமிழில் சொல்லிப் பாருங்கள், சண்டைதான் வரும்.

முதலைக் கண்ணீர், வெள்ளை யானை, மூக்கை நுழைத்தல் போன்றவை இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒரே பொருளில் வழங்குகின்றன. அவற்றைக் கண்டு, “எல்லாமே இப்படித்தான் இருக்கும்” என்று நம்பிவிடக் கூடாது. பார்க்க ஒன்றாக இருக்கும் தொடர்தான் அதிகம் ஏமாற்றும்.

சின்னச் சொற்களின் பெரிய வேலை

பட்டியல் நூல்களின் இன்னொரு குறை, பளபளக்கும் தொடர்களுக்கே பக்கங்களை ஒதுக்குவது. மேல்நிலை மாணவர் ஒருவர் உண்மையில் திணறுவது ‘கிவ்’, ‘டேக்’, ‘புட்’ போன்ற சின்ன வினைகளின் கூட்டில்தான். இங்கே தமிழ் நமக்குப் பெரிய உதவி செய்யும்.

‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு. ‘கிவ் அவே’ என்றால் பல இடங்களில் காட்டிக்கொடு. ‘கிவ் இன்’ என்றால் விட்டுக்கொடு. ஆங்கிலத்தில் எளிய வினையோடு சின்னச் சொல் சேர்ந்து புதுப்பொருள் தருகிறது. தமிழில் இரண்டு வினைகள் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. ‘போடு’, ‘கொடு’ இரண்டும் நாம் நாள்தோறும் ஆயிரம் முறை சொல்பவை. இந்த ஒப்புமையை ஒருமுறை காட்டிவிட்டால், ஃபிரேசல் வெர்ப் என்றாலே பயப்படும் மாணவருக்கு, “அட, இது நம்ம வீட்டுலயும் இருக்கே” என்று தோன்றும்.

அடுத்த படி, வேறுபாட்டைக் காட்டுவது. தமிழில் விட்டுக்கொடுத்தல் ஒரு பண்பு. விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆங்கிலத்தில் ‘கிவ் இன்’ என்றால் தோற்றுப்போய்ப் பணிவது. குடும்ப ஒற்றுமை பற்றிய கட்டுரையில், “நாம் விட்டுக்கொடுக்க வேண்டும்” என்ற நல்ல கருத்தை ‘வீ மஸ்ட் கிவ் இன்’ என்று எழுதினால், “நாம் தோற்க வேண்டும்” என்பது போல ஒலிக்கும். அந்த இடத்துக்கு ‘கிவ் அண்ட் டேக்’ பொருந்தும். இப்படி ஒரு நுட்பத்தை எந்தப் பட்டியலும் நம் மாணவருக்குச் சொல்லாது. ஏனென்றால், தமிழ் பேசும் பிள்ளைக்காக யாரும் அந்தப் பட்டியலை எழுதவில்லை.

நம் கண்ணாடி

இப்போது கொஞ்சம் நம் பக்கம் திரும்புவோம். கீழே உள்ளதை வாசியுங்கள்.

“என் அண்ணன் கங்கணம் கட்டிக்கொண்டு, கண்ணும் கருத்துமாகப் படித்து, பாடங்களைக் கரைத்துக் குடித்து, தேர்வில் வாகை சூடி, எங்கள் வயிற்றில் பாலை வார்த்தான். நாங்கள் மகிழ்ச்சிக் கடலில் மூழ்கினோம்.”

எல்லாத் தொடரும் சரியான பொருளில்தான் வந்திருக்கின்றன. ஆனால் அண்ணன் என்ன படித்தான், எப்படிப் படித்தான் என்று ஏதாவது தெரிகிறதா? யாருடைய அண்ணனுக்கும் இது பொருந்தும். இந்த மாதிரிப் பத்திக்கு நாம் ஓரத்தில் ‘சிறப்பு’ என்று எழுதினால், அதே மாணவர் மறுநாள் ஆங்கில வகுப்பிலும் அதையேதான் செய்வார்.

இதையும் வாசியுங்கள்.

“அண்ணன் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கணக்குப் போடுவான். சமையலறை விளக்கு மட்டும் எரியும். முடிவு வந்த அன்று அவன் கைப்பேசியை அம்மாவிடம் நீட்டினான். அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். எங்கள் வயிற்றில் பாலை வார்த்துவிட்டான்.”

மரபுத்தொடர் ஒன்றுதான். அதற்கு முன்னால் ஒரு வீடு இருக்கிறது, காத்திருந்த ஒரு தாய் இருக்கிறார். அதனால் கடைசி வரி வேலை செய்கிறது. ஆங்கிலத்திலும் இதுவே வழி.

தேர்வு என்ன கேட்கிறது?

“அதெல்லாம் சரி சார், மார்க்?” என்று கேட்பவர்களுக்கு. எஸ்.பி.எம். ஆங்கில எழுத்துத் தாளில் மூன்று பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றும் நான்கு அளவுகோல்களில் மதிப்பிடப்படுகிறது: உள்ளடக்கம், தொடர்பாடல் திறன், அமைப்பு, மொழி. மரபுத்தொடர் நேரடியாகப் போய்ச் சேர்வது கடைசி அளவுகோலில், அதிலும் ஒரு பகுதியாகத்தான். தொனி பிசகினாலோ தொடர்பாடல் திறனிலும் அடி விழும்.

இன்றைய பாடத்திட்டம் ஒட்டி அமைந்திருக்கும் ஐரோப்பிய மொழித்தரச் சட்டகத்தையும் பாருங்கள். அதில் பி2 நிலையின் சொல்வளம், சொன்னதையே சொல்லாமல் மாற்றிச் சொல்லும் திறனைப் பேசுகிறது. மரபுத்தொடர்களில் நல்ல ஆளுமை என்ற பேச்சு சி1, சி2 நிலைகளில்தான் வருகிறது. சி2இல் அதோடு சேர்த்து, சொல்லின் உட்குறிப்புகளை உணர்ந்திருப்பதும் சொல்லப்பட்டிருக்கிறது. தொடரும் தொனியும் சேர்ந்தேதான் அங்கே வருகின்றன. பட்டியல் நூல் முதல் பாதியை மட்டும் வெட்டி விற்கிறது.

சரி, என்ன செய்யலாம்?

பட்டியலைத் தூக்கி எறிய வேண்டாம். அதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, மாணவருக்கான அகராதிக்குப் போங்கள். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லாங்மன் ஆகிய மூன்றின் மாணவர் அகராதிகளையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பேச்சு வழக்கு, பழைய வழக்கு, நகைச்சுவை, இகழ்ச்சி என்று சொல்லுக்குப் பக்கத்திலேயே அடையாளம் போட்டிருப்பார்கள். அந்தச் சாய்வெழுத்தைத்தான் நம் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுகிறார்கள். இன்றைய ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர் அகராதியின் மூலநூலை உருவாக்கியவர் ஏ. எஸ். ஹார்ன்பி, ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர். அந்த நூல் முதலில் 1942இல் தோக்கியோவில் வெளிவந்தது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர் எங்கே தடுமாறுவார் என்று வகுப்பறையில் பார்த்த ஒருவரின் வேலை அது. நமக்கும் அதனால்தான் பயன்படுகிறது.

ஒரு வாரத்துக்கு மூன்று தொடர் போதும். ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் ஒதுக்கி, ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள். ‘டர்ன் எ பிளைண்ட் ஐ’ என்ற தொடருக்கு ஒரு மாதிரி:

1. என்ன பொருள்? தவறு நடப்பது தெரிந்தும் தெரியாதது போல் இருத்தல்.

2. என்ன தொனி? பெரும்பாலும் குற்றச்சாட்டு. பேச்சிலும் எழுத்திலும் வரும், கட்டுரைக்கு ஏற்றது.

3. யாரோடு சேரும்? பின்னால் ‘டு’ வரும், அதன்பின் அந்தத் தவறு: ‘டர்ன் எ பிளைண்ட் ஐ டு புல்லியிங்’.

4. தமிழில் யார் உறவு? கண்டும் காணாமல் இருத்தல். ‘கண்மூடித்தனமாக’ அல்ல, அது யோசிக்காமல் செய்வது. இன்னொரு வேறுபாடு: பேரனின் குறும்பைப் பாட்டி கண்டும் காணாமல் விடுவதில் பாசம் இருக்கிறது. ஆங்கிலத் தொடரில் அந்தப் பாசம் பொதுவாக இருப்பதில்லை.

5. என் வாழ்க்கையில் எங்கே? பள்ளியில் பகடிவதை நடக்கும்போது வேடிக்கை பார்த்தவர்களைப் பற்றி எழுதும்போது.

நான்காவது கேள்விக்குத் தமிழ் வகுப்பில் பத்து நிமிடம் கொடுங்கள். இதற்காகத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. மரபுத்தொடர் பாடம் நடத்தும் அன்றே, “இதுக்கு மலாய்ல என்ன? இங்கிலீஷ்ல என்ன? மூணும் ஒண்ணா?” என்று கேட்டால் போதும். ‘கம்பி நீட்டுதல்’ என்றதும், மலாயில் ‘அங்காட் காக்கி’, அதாவது காலைத் தூக்குதல் என்று ஒரு மாணவர் சொல்வார். ஆங்கிலத்தில் ‘டேக் டு ஒன்ஸ் ஹீல்ஸ்’, குதிகால் என்று இன்னொருவர் சொல்வார். அங்கிருந்து பேச்சு தானாக வளரும். நம் வகுப்பின் மரபுத்தொடரும் அப்போது மனப்பாட வரிசையிலிருந்து வெளியே வரும்.

மாணவர்களுக்கு ஒரு சோதனை. கட்டுரை எழுதி முடித்ததும் ஒவ்வொரு மரபுத்தொடரின் மீதும் விரலை வைத்து மறையுங்கள். மறைத்த பிறகும் அந்தப் பத்தியில் சொல்வதற்கு ஏதாவது மிச்சம் இருந்தால், விரலை எடுத்துவிடுங்கள், தொடர் இருக்கட்டும். ஒன்றுமே மிச்சமில்லை என்றால் அங்கே இருந்தது வெறும் பஞ்சு. அடித்துவிட்டு, உண்மையில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

ஆசிரியர்களே, வரும் வாரம் ஒரே ஒரு மரபுத்தொடரை எடுத்து மூன்று மொழிகளிலும் இப்படிப் பேசிப் பாருங்கள். உங்கள் வகுப்பில் கிடைத்த நல்ல ஒப்புமைகளைச் சங்கத்துக்கு அனுப்பினால் எல்லாருக்கும் பயன்படும்.